அமீர் அப்துல் காதிர்: ஒரு போர் உருவாக்கிய தலைவரும் தேசமும்

அப்துல் காதிர் என்னும் பெயர் ஒலிக்காத முஸ்லிம் தெரு தமிழகத்தில் அரிது. பக்தாதில் அடங்கியிருக்கும் முஹ்யித்தீன் அப்துல் காதிர் ஜீலானி (ரஹ்) அவர்கள்பால் நம் முன்னோர் கொண்டிருந்த பற்றே அதற்குக் காரணம். கீழக்கரை வள்ளல் சீதக்காதியின் இயற்பெயரும் அதுவேயாகும். அதே காதிரிய்யா தரீக்காவின் வடஆப்பிரிக்கக் கிளையொன்றில் பிறந்து, அதே பெயரைத் தாங்கி, பிரெஞ்சுப் பேரரசைப் பதினைந்து ஆண்டுகள் எதிர்த்து நின்ற அல்ஜீரிய அமீரைப் பற்றி நம்மிடையே பேசப்படுவது குறைவு. பேசுவோரும் அவரை இரண்டாகப் பிரித்தே பேசுகின்றனர். ஒரு சாராருக்கு அவர் வாளேந்திய முஜாஹித். மற்றொரு சாராருக்கு டமாஸ்கஸில் கிறித்தவர்களைக் காத்த ஞானி. ஒரே போர்தான் இவ்விரு முகங்களையும் வார்த்தது என்பதும், அப்போர் அவருடைய நாட்டை மட்டுமின்றி எதிரியின் நாட்டையும் மாற்றியது என்பதும் நம் கருத்து.

1808ஆம் ஆண்டு, அல்ஜீரியாவின் மேற்குப் பகுதியில் முஅஸ்கர் நகருக்கருகே அவர் பிறந்தார். தந்தையார் முஹ்யித்தீன், அவ்வட்டாரக் காதிரிய்யாவின் தலைவர். மகன் குர்ஆனை மனனம் செய்து, ஹதீஸும் ஃபிக்ஹும் பயின்று, தந்தையோடு ஹஜ்ஜுக்குச் சென்றார். அப்பயணத்தில் டமாஸ்கஸையும் பக்தாதையும் கண்டார்; முஹம்மது அலீ பாஷா எகிப்தில் புதிய முறையில் படை திரட்டி வந்ததையும் கண்டார். ஊர் திரும்பியபோது நூல்களோடும் மாணவர்களோடும் வாழ்நாளைக் கழிக்கும் எண்ணமே அவரிடம் மேலோங்கியிருந்தது.

அந்த எண்ணத்தைக் கலைத்தது 1830ஆம் ஆண்டு. பிரான்சு பல்லாண்டுகளுக்கு முன் வாங்கிய கோதுமைக்குரிய கடன் தீர்க்கப்படாமலே கிடந்தது. அதன் தொடர்பான வாக்குவாதத்தில், 1827இல் அல்ஜியர்ஸின் ஆட்சியாளர் ஹுஸைன் தேய் பிரெஞ்சுத் தூதரைத் தம் கையிலிருந்த விசிறியால் தட்டிவிட்டார். அந்த விசிறியைச் சாக்காக வைத்துப் பெரும்படை ஒன்று 1830 ஜூன் 14 அன்று சீதி ஃபர்ஜில் கரையிறங்கியது. ஜூலை 5 அன்று அல்ஜியர்ஸ் வீழ்ந்தது. மூன்று நூற்றாண்டு கால உதுமானியத் துருக்கியர் ஆட்சி மூன்று வாரங்களில் முடிந்தது. கடன் கொடுத்தவன் நாட்டை இழந்தான். வாங்கியவன் அதற்கு அதிபதியானான்!

துருக்கியர் அகன்ற இடத்தில் எஞ்சியவை கபீலாக்கள் மட்டுமே. ஒவ்வொரு கபீலாவுக்கும் தன் மேய்ச்சல் நிலம், தன் கிணறு, தன் பகை. மேற்குப் பகுதியினர் முதியவர் முஹ்யித்தீனிடம் தலைமையேற்குமாறு வேண்டினர். அவர் மறுத்துத் தம் மகனைக் காட்டினார். 1832 நவம்பரில் கிரீஸ் சமவெளியில், ஒரு மரத்தடியில், இருபத்து நான்கு வயது இளைஞருக்குப் பைஅத் செய்யப்பட்டது. அவர் ஸுல்தான் என்னும் பட்டத்தை விலக்கி, அமீருல் முஃமினீன் என்னும் பட்டத்தை ஏற்றார். அமைதிக் காலமாயிருந்தால் அவர் தம் ஸாவியாவிலேயே இருந்து, நல்லதோர் உரை நூலை எழுதி மறைந்திருக்கக் கூடும்.

அவர் செய்த முதன்மையான செயல் போர்க்களத்தில் நிகழ்ந்ததன்று. 1834இல் தளபதி தேமிஷேலுடன் ஓர் உடன்படிக்கை செய்துகொண்டார். அது முறிந்தபின் 1835 ஜூனில் மக்தா சதுப்பு நிலத்தில் தளபதி த்ரெஸெலின் படையை முறியடித்தார். அடுத்த ஆண்டு சிக்காக் ஆற்றங்கரையில் தோற்றார். ஆயினும், 1837 மே 30இல் கையெழுத்தான தஃப்னா உடன்படிக்கை அல்ஜீரியாவின் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கை அவரிடம் விட்டுவைத்தது. அந்த உடன்படிக்கையே ஒரு விந்தை. அமீர் பிரான்சின் மேலாட்சியை ஏற்கிறார் என்று பிரெஞ்சு மூலம் கூறியது. அரபு மூலத்திலோ, ‘அறிவார்’ என்றும் பொருள்படும் ஒரு வினைச்சொல்தான் இருந்தது. இரு தரப்பாரும் தத்தம் மொழியில் வெற்றி பெற்றுத் திரும்பினர்.

கிடைத்த இரண்டாண்டு இடைவெளியில் அவர் ஓர் அரசை எழுப்பினார். நாட்டை எட்டு மாகாணங்களாகப் பிரித்து, ஒவ்வொன்றிலும் ஒரு கலீஃபாவை அமர்த்தினார்; ஊதியம் பெறும் காளிகளை நியமித்தார். ஏறத்தாழ 8,000 காலாட்படையினரும் 2,000 குதிரைப்படையினரும் கொண்ட நிலைப்படையைத் திரட்டினார். அப்படைக்குச் சீருடை, ஊதியம், உணவு, தண்டனை ஆகியவற்றை வரையறுக்கும் விதிநூல் ஒன்றும் தொகுக்கப்பட்டது. திலிம்ஸானில் பீரங்கி வார்க்கப்பட்டது. தாக்திம்தில் துப்பாக்கிகள் செய்யப்பட்டன. கடற்கரையிலிருந்து விலகி, உள்நாட்டு மலைவரிசையில் ஸயீதா, தாஸா, போகர் போன்ற கோட்டைகள் எழுந்தன. தலைநகராக அவர் தேர்ந்த தாக்திம்த், ஒரு காலத்தில் ருஸ்தமிய்யா இமாம்களின் தலைநகரமாயிருந்த தாஹர்த்தின் இடிபாடுகள் கிடந்த இடம். அங்கே அமைந்த அக்கசாலையில் அவருடைய நாணயங்கள் அச்சிடப்பட்டன.

இதே மலைநாட்டில்தான், ஏறத்தாழ நானூற்றறுபது ஆண்டுகளுக்கு முன், இப்னு கல்தூன் ஒரு கோட்டையில் ஒதுங்கியிருந்து தம் முகத்திமாவை எழுதினார் என்பதை இங்கே நினைவுகூரத் தோன்றுகிறது. இனப்பற்றால் அதிகாரம் பிறக்கிறது. மார்க்க அழைப்பு அதனோடு சேரும்போது சிதறிய கபீலாக்கள் ஓர் அரசாகின்றன என்பது அவர் கண்ட விதி. அமீர் செய்ததோ அதற்குமேல் ஒரு படி. இனப்பற்றை உடைத்து, அதன் இடத்தில் வரியையும் சம்பளத்தையும் சட்டத்தையும் வைக்க முயன்றார். போரின் நெருக்கடி அவருக்கு அந்த வாய்ப்பைத் தந்தது. அதே நெருக்கடி அதற்கான காலத்தைத் தரவில்லை.

இங்கே நாம் மறைக்கக் கூடாத சில உண்மைகள் உள்ளன. படைக்குப் பணம் வேண்டும். ஜகாத்தும் உஷ்ரும் போதாதபோது ‘மஊனா’ என்னும் கூடுதல் வரியை அமீர் விதித்தார். அதைத் தர மறுத்தோரையும் எதிரிக்கு உதவியோரையும் எவ்வாறு நடத்துவது என்று ஃபாஸ் நகரத்து அறிஞர் அலீ அத்தஸூலியிடம் ஃபத்வாக் கேட்டு எழுதினார். தலைமைக்கு ஷரீஅத் விதிக்கும் எல்லையை அவர் தேடினார் என்பதற்கு இது சான்று. தம் மக்களிடமே வாள் தேவைப்பட்டது என்பதற்கும் இதுவே சான்று. 1838இல், தாஃப்னாவின் அமைதி நிலவிய வேளையில், அவர் தீஜானிய்யா தரீக்காவின் இருப்பிடமான ஐன் மாதீயைப் பல மாதங்கள் முற்றுகையிட்டார். பிரெஞ்சுப் பகைவன் கடற்கரையில் காத்திருக்க, காதிரிய்யாவின் அமீர் தீஜானிய்யாவின் மதிலைத் தகர்த்துக்கொண்டிருந்தார்.

இதனினும் வருந்தத்தக்கது கிழக்கே நிகழ்ந்தது. கான்ஸ்டன்டைனில் அஹ்மத் பேய் தனியே நின்று பிரான்சை எதிர்த்து வந்தார். அமீருக்கும் அவருக்கும் இடையே ஒற்றுமை ஏற்படவேயில்லை. தாஃப்னாவில் கையெழுத்து உலர்ந்து ஐந்து மாதமாகுமுன், மேற்கில் கவலை நீங்கிய பிரெஞ்சுப் படை கிழக்கே திரும்பி, 1837 அக்டோபரில் கான்ஸ்டன்டைனைக் கைப்பற்றியது. அமீர் பெற்ற அமைதிக்கு அஹ்மத் பேய் விலை கொடுத்தார் என்றால் மிகையாகாது. அல்ஜீரியா என்னும் தேசம் அப்போது எவர் உள்ளத்திலும் முழு உருப் பெற்றிருக்கவில்லை. அதை உருவாக்கும் போர் அப்போதுதான் நடந்துகொண்டிருந்தது.

1839 இறுதியில் போர் மீண்டும் மூண்டது. 1841இல் தளபதி புஜோ ஆளுநராக வந்தார். தஃப்னாவில் அமீரோடு கையெழுத்திட்டவரும் இவரே. படையை வெல்வதைக் காட்டிலும் விளைச்சலை எரிப்பது எளிது என்று கண்டுகொண்டவர் அவர். தானியக் குழிகளைத் தோண்டியெடுத்தல், மரங்களை வெட்டுதல், மந்தைகளைக் கவர்தல் என இதற்கு ‘ராஸியா’ என்று பெயரும் வந்தது. அரபுகளின் சொல்லையே எடுத்து அரபுகள் மீதே ஏவினர். ஜனநாயகம் பற்றி எழுதிப் புகழ் பெற்ற தொக்வில்கூட, விளைச்சலை எரிப்பது இப்போரின் தவிர்க்க இயலாத தேவை என்று 1841இல் எழுதினார். 1840களின் நடுவில் அல்ஜீரியாவில் இருந்த பிரெஞ்சுப் படையினர் ஒரு இலட்சத்தைத் தாண்டினர்.

தலைநகரை இழந்த அமீர் தம் தலைநகரையே நடமாடும் கூடார நகரமாக்கினார். ‘ஸ்மாலா’ எனப்பட்ட அதில் குடும்பங்களும் கைவினைஞரும் பள்ளிகளும் அவருடைய நூலகமும் இருந்தன. 1843 மே 16 அன்று, அமீர் அங்கில்லாத நேரத்தில், பிரெஞ்சு மன்னரின் மகன் ஓமால் கோமகன் சில நூறு குதிரை வீரர்களோடு அதன்மேல் பாய்ந்தார். கையெழுத்துப் படிகள் சிதறின. இந்நிகழ்ச்சியை ஓவியர் ஓராஸ் வெர்னே இருபது மீட்டருக்கும் மேல் நீளமான ஓவியமாகத் தீட்டினார். வெர்சாய் அரண்மனையில் அது உள்ளது.

1845 ஜூனில் தஹ்ரா மலைக்குகையில் ஒளிந்திருந்த அவ்லாத் ரியாஹ் மக்களை, ஆண் பெண் குழந்தைகள் என நூற்றுக்கணக்கானோரை, வாயிலில் நெருப்பு மூட்டிப் புகையால் கொன்றார் கர்னல் பெலிஸியே. இதற்கு ஓராண்டு முன்பே கவெஞ்ஞாக் என்னும் அதிகாரி இம்முறையைக் கையாண்டிருந்தார். இந்த அதிகாரிகளின் பிற்கால வரலாற்றைத் தொடர்ந்து பார்த்தால் நமக்கு வியப்பு மேலிடுகிறது. 1848 ஜூனில் பாரிஸ் தொழிலாளர்கள் கிளர்ந்தெழுந்தபோது அவர்களைப் பீரங்கியால் அடக்கியவர் இதே கவெஞ்ஞாக். துணை நின்றவர் அல்ஜீரியத் தளபதி லாமொரிஸியேர். 1845இல் குகைவாயிலை அடைத்து மக்களைக் கொன்ற சேந்த்-ஆர்னோ, 1851 டிசம்பர் 2 அன்று லூயி நெப்போலியன் குடியரசைக் கவிழ்த்தபோது போர் அமைச்சராயிருந்தார். பெலிஸியே மார்ஷல் பட்டம் பெற்று, பின்னர் அல்ஜீரியாவின் ஆளுநராகவே திரும்பி வந்தார். மலைக்குகையில் பழகிய கை தலைநகரத் தெருவிலும் தயங்கவில்லை. முஅஸ்கரின் மாணவரை அமீராக்கிய போர் பிரான்சுக்கு இத்தகைய தலைவர்களை அளித்தது.

அமீரின் பாசறையில் கைதிகளுக்கு வேறு விதி இருந்தது. எதிரியின் தலையைக் கொய்து வருவோர்க்குப் பரிசளிக்கும் பழைய வழக்கத்தை விடுத்து, உயிரோடு கொணர்வோர்க்கே பரிசு என்றார். 1841இல் அல்ஜியர்ஸ் ஆயர் துய்ப்பூஷ் மூலம் கைதிகள் பரிமாற்றம் நடைபெற்றது. ஆயினும் இவ்விதியும் ஒருமுறை முறிந்தது. 1846 ஏப்ரலில், உணவுக்கே வழியற்ற நிலையில், அமீர் தொலைவில் இருந்தபோது, அவருடைய முகாமில் இருந்த பிரெஞ்சுக் கைதிகள் இருநூற்றுக்கும் மேற்பட்டோர் கொல்லப்பட்டனர். ஆணை யாருடையது என்பதில் வரலாற்றாசிரியர்கள் மாறுபடுகின்றனர். எவருடையதாயினும் அவர் கொடியின் கீழ் நடந்தது அது. அவருடைய புகழ் பாடுவோர் இப்பக்கத்தைத் தாண்டிச் செல்வது நமக்கு உடன்பாடன்று.

மொராக்கோவின் ஸுல்தான் 1844இல் இஸ்லீயில் தோற்றபின் அமீருக்குப் புகலிடம் இல்லாமற்போயிற்று. 1847 டிசம்பரில், அலெக்சாந்திரியாவுக்கோ அக்காவுக்கோ செல்ல விடுவோம் என்ற வாக்கை நம்பி, லாமொரிஸியேரிடம் ஆயுதத்தை ஒப்படைத்தார். வாக்கு மீறப்பட்டது. தூலோன், போ, அம்புவாஸ் என ஐந்தாண்டு அடைக்கப்பட்டார். அம்புவாஸ் கோட்டைத் தோட்டத்தில் அவருடன் வந்தோரில் இருபத்தைந்து பேரின் கபுருகள் இன்றும் உள்ளன. 1852இல் விடுதலை பெற்று, புர்ஸா வழியாக 1855இல் டமாஸ்கஸை அடைந்தார். உமய்யா பள்ளிவாசலில் பாடம் நடத்தினார். ஷைகுல் அக்பர் இப்னு அரபியின் ஃபுதூஹாத்தைச் சரிபார்த்து அச்சிடுவிக்க, கோன்யாவிலிருந்த மூலப்படிக்கு ஆலிம்களை அனுப்பினார். 1832இல் கலைந்த வாழ்க்கை மீண்டது போலிருந்தது.

1860 ஜூலை 9 அன்று டமாஸ்கஸில் கலவரம் மூண்டது. கிறித்தவர் தெரு எரிந்தது. அமீர் தம்மோடு குடியேறியிருந்த அல்ஜீரியப் போர் வீரர்களை ஆயுதத்தோடு தெருவுக்கு அனுப்பி, கண்ணில் பட்டோரையெல்லாம் தம் வீட்டுக்கு அழைத்து வரச் செய்தார். பிரெஞ்சுத் தூதரகத்தாரும் அவர்களுள் இருந்தனர். வீடு நிறைந்தபின் கூட்டங்கூட்டமாகக் கோட்டைக்குள் கொண்டுசென்று காத்தார். இவ்வாறு உயிர் பிழைத்தோர் ஆயிரக்கணக்கானோர். இது ஞானியின் கருணை மட்டுமன்று. அதைச் செயலாக்கியது பதினைந்தாண்டுப் போரில் பழகிய படை, கட்டளைக்குக் கீழ்ப்படிந்த ஒழுங்கு, கைதியைத் தொடக்கூடாதென்ற பழைய விதி. கருணை மிகுந்தோர் அந்நகரில் வேறு பலரும் இருந்திருப்பர்; அவர்களிடம் ஆயிரம் துப்பாக்கிகள் இல்லை. தாகிஸ்தானில் ரஷ்யரை எதிர்த்துப் போராடி, 1859இல் சரணடைந்து, கலூகாவில் காவலில் இருந்த இமாம் ஷாமில் இச்செய்தியைக் கேட்டு அவருக்குப் பாராட்டுக் கடிதம் எழுதினார்.

அமீர் 1883 மே மாதம் மறைந்தார். டமாஸ்கஸின் காஸியூன் மலைச்சாரலில், இப்னு அரபியின் அருகே அடக்கப்பட்டார். அவருடைய பேரர் அமீர் காலித் முதல் உலகப்போருக்குப் பின் அல்ஜீரிய முஸ்லிம்களின் உரிமைக்குக் குரல் கொடுத்தார். பின்னர் 1954 முதல் 1962 வரை நடந்த விடுதலைப் போரில் ஒரு தேசம் முழு உருவம் பெற்றது. அந்தத் தேசத்துக்கு ஒரு மூதாதை தேவைப்பட்டார். 1966இல் அமீரின் உடல் ஆசானின் அருகிலிருந்து எடுக்கப்பட்டு அல்ஜியர்ஸுக்குக் கொணரப்பட்டது. அந்நகரில் முன்பு புஜோவின் சிலை நின்ற சதுக்கத்துக்கு அமீரின் பெயர் சூட்டப்பட்டது. இன்று அங்கே அவர் குதிரைமேல் வாளுயர்த்தி நிற்கிறார். கையில் நூல் இல்லை.