ஏடும் எழுத்தும் – 14
கத்தரிக்குத் தப்பிய 47 ஏடுகள்

வானத்திலிருந்து ஒரு கை நீள்கிறது. கீழே பாரிஸ் நகரம்: நோத்ர் தாம் ஆலயத்தின் இரட்டைக் கோபுரங்கள், சேன் நதி, நெருக்கியடித்த வீடுகள். முன்னால் மக்கள் முழந்தாளிட்டிருக்கிறார்கள். இறைவனின் கையைக் கண்ட பேய்கள் அலறிப் பறக்கின்றன. இவ்வளவும் ஒரு சாண் உயரம்கூட இல்லாத தோலேட்டில் அடங்கிவிட்டன! நியூயார்க்கின் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகத்தில் இருக்கும் இந்த ஏடு, ஒரு செபப் புத்தகத்தின் பக்கம்.

புத்தகத்துக்கு உரியவர் பிரெஞ்சு மன்னர் ஏழாம் சார்லஸின் கருவூல அதிகாரி எத்தியேன் ஷெவாலியே. வரைந்தவர் தூர் நகரத்து ஓவியர் ழான் ஃபூக்கே. காலம் 1452-க்கும் 1460-க்கும் இடையில். அன்றைய பக்தர்கள் ஒரு நாளை எட்டு வேளையாகப் பகுத்துச் செபித்தார்கள். வேளைக்கு ஒரு படம் வழிகாட்டியது. ஒரு படத்தில் தன் பெயர்ப் புனிதரான முடியப்பர் (பிரெஞ்சில் எத்தியேன்) துணை நிற்க, ஷெவாலியே மாதாவின் முன் மண்டியிடுகிறார். மூவரசர் வருகையிலோ குழந்தை இயேசுவை வணங்குகிறவர் சாட்சாத் ஏழாம் சார்லஸ்! ஆடை மடிப்புகளில் ஒளி மின்ன, பொன்தூளைக் குழைத்து மயிரிழைக் கோடுகளாகத் தீட்டியிருக்கிறார் ஃபூக்கே.

18-ஆம் நூற்றாண்டில் இந்தப் புத்தகத்தைப் பிரித்துவிட்டார்கள். படங்களை மட்டும் வெட்டி எடுத்துப் பலகைகளில் ஒட்டினார்கள். சிலவற்றில் எஞ்சிய செப வரிகளின் மேல் வேறு சுவடியின் துண்டுகளை ஒட்டி மறைத்தார்கள். படத்தின் மீது ஆசை கொண்டவர்கள்தான் இதைச் செய்தார்கள் என்பதே வேதனை.

1805-ல் பிராங்க்பர்ட்டின் கியோர்க் பிரெண்டானோ, பாசல் நகரில் 40 ஏடுகளை வாங்கினார். அவற்றை 1891-ல் பிரெஞ்சு இளவரசரான ஒமால் கோமகன் வாங்கித் தம் ஷாந்தியி அரண்மனையில் வைத்தார். தம் சேகரிப்பு அங்கிருந்து வெளியே போகக் கூடாது என்பது அவர் விதித்த நிபந்தனை. அறியப்பட்ட மற்ற 7 ஏடுகள் பாரிஸ், லண்டன், நியூயார்க் என்று சிதறிக் கிடக்கின்றன.

நியூயார்க் ஏடு தூய ஆவியின் மாலைச் செபத்துக்கு உரியது. இருள் கவியும் நேரத்தில் அதைத் திறப்பவருக்கு, பேய்களை விரட்டும் அந்தக் கை எத்தனை பெரிய ஆறுதலாக இருந்திருக்கும்! செபத்தைக் கத்தரித்தவர்கள் படத்தின் பொழுதையும் சேர்த்தல்லவா கத்தரித்துவிட்டார்கள்?

அதே ஷாந்தியியில், வெட்டுப்படாமல் பிழைத்த இன்னொரு செபப் புத்தகம் உண்டு. வரைந்த சகோதரர்கள் மூவரும், வரையச் சொன்ன கோமகனும் 1416-ஆம் ஆண்டிலேயே மாண்டுபோக, பாதியில் நின்ற புத்தகம். அதை அடுத்த வாரம் திறப்போம்.

(தொடரும்)