ரப்பர் மலிந்த காலமும் சிறுதோட்டக்காரரும்

லூபோக் சீனா வட்டாரத்தில் வாழும் நமக்குப் பால்மரம் புதிதன்று. நமது மலாக்கா மாநிலத்துப் புக்கிட் லிந்தாங்கில், 1896-ஆம் ஆண்டு, டான் சாய் யான் என்பவர் வாணிப நோக்கில் ரப்பர் பயிரிட்டார். மலாயாவின் முதல் முயற்சிகளுள் அதுவும் ஒன்று. 1910-இல் ரப்பர் விலை உச்சத்தைத் தொட்டது. அதைக் கண்டு கம்பெனிகளும் சிறுதோட்டக்காரர்களும் போட்டி போட்டு மரம் நட்டனர்.

கன்று வளர்ந்து பால் வெட்டுக்கு வர ஆறேழு ஆண்டுகள் ஆகும். எல்லார் மரமும் வெட்டுக்கு வந்தபோது சந்தையில் ரப்பர் மலிந்தது; விலை விழுந்தது. 1922-இல் ஆங்கில ஆட்சி ஸ்டீவன்சன் திட்டத்தின்படி ஏற்றுமதியைக் கட்டுப்படுத்தி, ஒவ்வொருவருக்கும் ஒரு பங்கை ஒதுக்கியது. குறைந்த செலவில் ரப்பர் எடுத்தவர்கள் சிறுதோட்டக்காரர்களே. ஆயினும், பெருந்தோட்டங்களிடம் விளைச்சல் கணக்கு இருந்தது. இவர்களில் பெரும்பாலோரிடம் இல்லை. அதிகாரிகளின் மதிப்பீட்டில் இவர்கள் பங்கு குறைந்தது. டச்சுக்காரர் ஆண்ட இந்தோனேசியத் தீவுகளோ திட்டத்தில் சேராமல் உற்பத்தியைப் பெருக்கின. 1928-இல் திட்டம் கைவிடப்பட்டது. அடுத்து வந்த உலக மந்தத்தில், வேலையிழந்த நம்மவர் ஆயிரக்கணக்கில் தமிழகத்துக்குத் திருப்பி அனுப்பப்பட்டனர்.

இன்று வீடியோ விளையாட்டுகளைத் தாமே தயாரித்து விற்கும் இளைஞர்களின் நிலையும் இத்தகையதே. ஸ்டீம் என்னும் ஒரே இணையக் கடையில் 2024-இல் 18,000-க்கும் மேற்பட்ட விளையாட்டுகள் வெளியாயின. ஆகவே, எத்தொழிலில் இறங்கும் பிள்ளைக்கும் நாம் இரண்டு சொல்வோம்: இன்றைய விலையை மட்டும் பார்க்காதே, உன் சரக்கு வெளிவரும் நாளில் சந்தையில் எத்தனை பேர் நிற்பார்கள் என்று பார்; உன் வரவு செலவை எழுதி வை.