ஒரே ஒரு அம்பு

செப்டம்பர் அரையாண்டுக் கணக்கு முடித்த களைப்பு ஐப்பசி வரைக்கும் தீரவே இல்லை. அப்படி ஒரு சாயங்காலம்தான் கூட வேலை பார்க்கும் நண்பர், "சாரே, இன்னு பள்ளிவேட்டயாணு. வரணும் கேட்டோ" என்றார். சத்தியமங்கலத்துக்காரன் நான், திருவனந்தபுரம் வந்து நாலு வருஷமாகியும் பத்மநாபசாமி கோயில் திருவிழா பார்த்ததில்லை. போனேன்.

பங்குனியிலும் ஐப்பசியிலும் நடக்கும் பத்து நாள் உற்சவத்தில் ஒன்பதாம் நாள் இது. சாமி ஊர்வலம் வெளியே வருகிறது. மேளம் இல்லை, பேச்சில்லை. வேட்டைக்குப் போகிறோமே, சத்தம் போட்டால் மிருகம் ஓடிவிடாதா! சுந்தரவிலாசம் அரண்மனைப் பக்கம் இலை தழை வைத்து ஒரு சின்னக் காடு. அரச குடும்பத் தலைவர் வில்லை வளைத்து ஒரே ஒரு அம்பு விட்டார், ஒரு இளநீரின் மேல். உடனே சங்கு, வாத்தியம். வேட்டை முடிந்தது.

பி.காம் படித்தவனுக்கு சரித்திரம் எதற்கு என்று கேட்காதீர்கள். இந்த சமஸ்தானத்தில் துப்பாக்கிக்குப் பஞ்சமே இருந்ததில்லை. 1741ல் குளச்சலில் டச்சுக்காரர்களைத் தோற்கடித்த மார்த்தாண்ட வர்மா, பிடிபட்ட டிலனாயை வைத்தே படையைப் புதுப்பித்தார். உதயகிரிக் கோட்டையில் பீரங்கி வார்த்தார்கள். அதே ராஜா 1750ல் நாட்டையே பத்மநாபனுக்கு எழுதிக் கொடுத்துவிட்டு, தன்னைப் பத்மநாபதாசன் என்று சொல்லிக்கொண்டார். வேட்டை ராஜாவுடையது இல்லை, சாமியுடையது. அதனால்தானோ என்னவோ, துப்பாக்கி வந்த பிறகும் வில் அப்படியே இருக்கிறது.

எனக்கு அப்போது தாத்தா ஞாபகம்தான் வந்தது. எங்கள் காட்டுக்குப் பன்றி வராமல் இருக்க அவரிடம் லைசென்ஸ் உள்ள நாட்டுத் துப்பாக்கி இருந்தது. குழல் வாயில் மருந்தைக் கொட்டி, தேங்காய் நாரை அடைத்து, ரவையைப் போட்டு, மேலே மறுபடி நார் வைத்து, கம்பியால் இடித்து இறுக்கி, கடைசியில் கேப் மாட்ட வேண்டும். ஐப்பசி மழையில் மருந்து நமுத்தால் வெடிக்காது. வெடித்தாலும் ஒரே குண்டு. தவறினால் முதலிலிருந்து எல்லா வேலையும். பல ராத்திரி சுடாமலேயே திரும்புவார். "என்னங்க, சும்மாவா வந்தீங்க?" என்று பாட்டி கேட்டால், "காத்து நல்லா இருந்துச்சு" என்பார். லைசென்ஸைப் புதுப்பிக்காமல் துப்பாக்கியை ஸ்டேஷனில் ஒப்படைத்த பிறகும், அந்த நேரத்துக்கு எழுந்து வெளித் திண்ணையில் உட்கார்ந்திருப்பார். அவருக்கு வேண்டியிருந்தது பன்றி இல்லை என்று எனக்கு ரொம்ப நாள் கழித்துத்தான் புரிந்தது.

இங்கே பள்ளிவேட்டை நடத்திய சித்திரைத் திருநாள் மகாராஜாதான் 1934ல் பெரியாறு ஏரியைச் சுற்றியுள்ள காட்டை நெல்லிக்காம்பட்டி சரணாலயமாக அறிவித்தார். இன்றைய பெரியாறு புலிகள் காப்பகத்தின் ஆரம்பம் அது. வில்லும் அவர் கையில்தான், தடையும் அவர் கையில்தான்! 1972 வனவிலங்குச் சட்டம் நாடு முழுவதும் வேட்டையை ஒடுக்கியது.

குடகிலும் இதே கதை. அங்கே நாற்று நட்டு முடிக்கும் வரை துப்பாக்கியை எடுக்க மாட்டார்கள். செப்டம்பரில் கைல்போத் பண்டிகையன்று ஆயுதங்களுக்குப் பூஜை போட்டுவிட்டு வேட்டைக்குக் கிளம்பிய காலம் உண்டு. இப்போது மரத்தில் தேங்காய் கட்டிச் சுடுகிறார்கள். அங்கே தேங்காய், இங்கே இளநீர்.

மிருகம் போய்விட்டது. பேசாமல் நடப்பது, இருட்டில் காத்திருப்பது, ஒரே ஒரு தடவை குறி பார்ப்பது, இவை மட்டும் மிச்சம். தாத்தா ராத்திரி ராத்திரி தேடிப் போனதும் இதைத்தான் என்று நினைக்கிறேன். அன்றைக்கு அந்த மௌனத்தில் கூட்டத்தோடு நின்ற பத்து நிமிஷத்தில், இரண்டு மாதமாகத் தலைக்குள் ஓடிக்கொண்டிருந்த வாராக் கடன் பட்டியல் நின்றுபோயிருந்தது.

மறுநாள் ஆறாட்டு. சங்குமுகம் கடலுக்குச் சாமி போவதற்காக விமான நிலைய ஓடுபாதையையே மூடுகிறார்கள். அது தனிப் பதிவாக எழுத வேண்டிய சமாச்சாரம்.