நகரைச் சூழ்ந்த பசுமை வளையம்



நகரம் பெருகும்போது அதனை அடுத்துள்ள வயல்களின் கதி யாது? வயல்களைக் காத்தால் பெருகும் மக்களுக்கு வீடு எங்கே? இவ்விரு கேள்விகளுக்கும் ஒருங்கே விடை தேடிய நகரங்களுள் லண்டன் முதன்மையானது. பல்லாண்டுகள் வரலாறு கற்பித்த நான், அந்நகரின் கதையை இன்று உங்கள்முன் வைக்க விழைகின்றேன்.

1580-ஆம் ஆண்டில் முதலாம் எலிசபெத் அரசியார் ஓர் ஆணை பிறப்பித்தார். லண்டன் நகர வாயில்களிலிருந்து 3 மைல் தொலைவுக்குள் புதிய வீடுகள் எழலாகாது. ஒரு வீட்டில் ஒரு குடும்பமே வாழ்தல் வேண்டும் என்பது அதன் சாரம். நெருக்கத்தால் கொள்ளைநோய் பரவும், உணவு அரிதாகும் என்று அரசு அஞ்சியது. ஆயினும் மக்கள் வருகை நிற்கவில்லை; இருந்த வீடுகளே பல கூறுகளாயின. மக்களுக்கு வேறிடம் காட்டாமல் நிலத்தை மட்டும் பூட்டும் சட்டம் நிலைபெறாது என்பதே நாம் கற்கும் முதற்பாடம்.

இன்றைய லண்டன் எல்லைக்குள் 1801-இல் ஏறத்தாழ 10 லட்சம் மக்கள் வாழ்ந்தனர். 1901-இல் 65 லட்சம் பேர். புகைவண்டிப் பாதை சென்ற திசையெல்லாம் நகரமும் சென்றது. அக்காலத்தில், பாராளுமன்றச் சுருக்கெழுத்தாளரான எபனேசர் ஹோவர்டு என்பவர் 1898-இல் ஒரு நூல் வெளியிட்டார். 6,000 ஏக்கர் நிலத்தில் 1,000 ஏக்கரில் ஊர்; எஞ்சிய 5,000 ஏக்கரில் வேளாண்மை; மக்கள் தொகை 32,000. அத்தொகை நிறைந்ததும் வயல்களை அழியாது, அப்பால் மற்றோர் ஊர் அமைக்க வேண்டும் என்றார் அவர். 1903-இல் தொடங்கிய லெச்வொர்த் அக்கருத்தில் முளைத்த ஊராகும்.

1938-இல் லண்டனைச் சுற்றிய பசுமை நிலங்களைக் காக்கச் சட்டம் பிறந்தது. 1944-இல் பேட்ரிக் அபர்குரோம்பி தீட்டிய பெருந்திட்டம், நகரைச் சுற்றிப் பசுமை வளையத்தையும், அதற்கு அப்பால் புதிய நகரங்களையும் வரைந்தது. 1946-இல் புதுநகர்ச் சட்டம் வந்தது. 1947-ஆம் ஆண்டுச் சட்டமோ, நிலத்தை விலைக்கு வாங்காமலேயே கட்டடத்தைத் தடுக்கும் அதிகாரத்தை உள்ளாட்சிகளுக்கு அளித்தது. 1955-இல் அமைச்சர் டங்கன் சாண்டிஸ், பிற நகரங்களும் இத்தகைய வளையம் அமைக்கக் கருதுமாறு கேட்டுக்கொண்டார்.

இவையனைத்தும் எதிர்ப்பின்றி நடந்தன என்று எண்ணற்க. முதற் புதுநகராக ஸ்டீவனேஜ் என்னும் சிற்றூர் தேர்ந்தெடுக்கப்பட்டபோது, அவ்வூரார் வெகுண்டனர். அமைச்சர் லூயிஸ் சில்கினின் ஆட்சியைச் சோவியத் ஆட்சியோடு ஒப்பிட்டு, புகைவண்டி நிலையப் பலகையில் 'சில்கின்கிராடு' என்று பெயர் எழுதினர். லண்டனின் வயல்கள் காக்கப்பட்டமைக்கு ஸ்டீவனேஜின் வயல்கள் விலையாயின. இன்று அங்கே 89,000-க்கு மேற்பட்டோர் வாழ்கின்றனர்.

அபர்குரோம்பியின் கணக்கில் ஒரு குறை இருந்தது. லண்டன் வட்டாரத்தின் மொத்த மக்கள் தொகை பெரிதும் கூடாது என்று அவர் கொண்டார். போருக்குப் பின் பிறப்பு பெருகி, அக்கணக்கைப் பொய்யாக்கிற்று. நகரின் தொகை 1939-இல் 86 லட்சமாக இருந்து, 1980-களில் 70 லட்சத்திற்கும் கீழே இறங்கி, 2015-இல் மீண்டும் பழைய உச்சத்தைக் கடந்தது. இதற்கிடையே 1970-க்குப் பின் இங்கிலாந்தில் புதுநகர் அறிவிப்பு நெடுங்காலம் ஓய்ந்தது. பசுமை வளையங்களோ விரிந்தன. இன்று அவை அந்நாட்டு நிலத்தில் ஏறத்தாழ எட்டில் ஒரு பங்கு. லண்டனைச் சூழ்ந்த வளையம் மட்டும் அந்நகரைப்போல் மூன்று மடங்கு பரப்புடையது.

ஹோவர்டின் சிந்தனையில் வயலும் ஊரும் இணைபிரியாதவை. பின்வந்தோர் வயலைக் காக்கும் பாதியைப் போற்றினர். ஊர் அமைக்கும் பாதியை மறந்தனர். வீட்டு விலை ஏறியது. இளைஞர் பலர் வளையத்தைத் தாண்டிக் குடியேறி, நாள்தோறும் அதனைக் கடந்து வேலைக்குச் செல்கின்றனர். இதனை உணர்ந்தே 2024 டிசம்பரில் அந்நாட்டு அரசு, வளையத்துள் முன்பே கட்டடம் கண்ட நிலங்களையும், வளையத்தின் நோக்கத்திற்குப் பெரிதும் உதவாத நிலங்களையும் 'சாம்பல் வளையம்' எனப் பிரித்து, அங்கே வீடுகட்ட வழி திறந்தது.

மாணவர்களே, வயலின் பயன் இன்று வாழ்வோர் கண்ணுக்குத் தெரியும். வீடின்றி நிற்கப்போகும் நாளைய குடும்பம் எவர் கண்ணுக்கும் தெரியாது. அவ்விருவரையும் ஒரே ஏட்டில் கணக்கெழுதுவதே திட்டமிடுதல் ஆகும். நாளை உங்களுள் சிலர் பொறியாளராகவும் ஆட்சியாளராகவும் விளங்குவீர்கள். நிலப்படத்தில் ஒரு கோடு வரையுமுன், அக்கோட்டால் தடுக்கப்படுவோர் எங்கே செல்வர் என்ற கேள்வியையும் எழுப்புங்கள்.