உப்பு மௌனம், வைரம் பேச்சு

கனகம்மாசத்திரத்துல எந்த மளிகைக் கடையிலும் உப்பும் கிடைக்கும், கற்பூரமும் கிடைக்கும். திருத்தணி மலைக்குப் போறவங்க கற்பூரம் வாங்காமப் போறது அபூர்வம். ரெண்டுமே வெள்ளை, ரெண்டுமே படிகம். நெருப்புல காட்டினா குட்டு வெளிப்பட்டுவிடும். கற்பூரம் மிச்சமில்லாமல் எரிந்துபோகும். உப்போ 801 டிகிரி செல்சியஸ் வரை உருகக்கூட உருகாது.

பள்ளியில் இதற்குச் சொல்லிக்கொடுத்த காரணம்: உப்பில் அயனிப் பிணைப்பு, அது வலுவானது, கற்பூரத்தில் சகப்பிணைப்பு, அது பலவீனமானது. இதில் பாதிதான் சரி. கற்பூர மூலக்கூறுக்குள் இருக்கும் பிணைப்புகள் வலுவானவைதான். ஒரு மூலக்கூறுக்கும் அடுத்ததற்கும் நடுவே உள்ள ஈர்ப்புதான் பலவீனம். அதனால்தான் அது காற்றிலேயே கரைந்துபோகிறது. வைரமும் முழுக்க முழுக்க சகப்பிணைப்புதான். அதைப் போய் பலவீனம் என்று சொல்ல முடியுமா?

அப்படியென்றால் அசல் வித்தியாசம் என்ன? எலக்ட்ரான் யாரிடம் இருக்கிறது என்பதுதான். 1916-இல் ஜெர்மனியின் கோசல், எலக்ட்ரான் ஓர் அணுவிலிருந்து இன்னொன்றுக்குக் கைமாறுகிறது என்றார். அதே ஆண்டு அமெரிக்காவின் லூயிஸ், இரண்டு அணுக்கள் ஒரு ஜோடி எலக்ட்ரானைப் பங்குபோட்டுக்கொள்கின்றன என்றார். இரண்டுமே காகிதத்தில் போட்ட கணக்கு. இதை எப்படிச் சோதித்துப் பார்ப்பது?

இங்கேதான் நம்ம ஊர்க்காரர்கள் வருகிறார்கள். 1928 பிப்ரவரி 28, கல்கத்தா. திருவானைக்காவில் பிறந்த சி.வி. ராமனும், வத்திராயிருப்பைச் சேர்ந்த கே.எஸ். கிருஷ்ணனும் சேர்ந்து செய்த ஆய்வில் வெளிவந்ததுதான் ராமன் விளைவு. மூலக்கூறு அதிரும்போது, அதில் பட்டுச் சிதறும் ஒளியில் கொஞ்சம் நிறம் மாறுகிறது. அந்த மாற்றம் நிறமாலையில் ஒரு புதுக் கோடாகத் தெரியும்.

சகப்பிணைப்பில் எலக்ட்ரான்கள் இரு அணுக்களுக்கும் நடுவில் இருக்கின்றன. பிணைப்பு நீண்டு சுருங்கும்போது அந்த எலக்ட்ரான் மேகமும் நெகிழும், ஒளி வலுவாகச் சிதறும். அயனியோ தன் எலக்ட்ரானைத் தன்னிடமே வைத்துக்கொள்ளும். அது அசைந்தாலும் மேகம் பெரிதாக மாறாது. ஆக, சகப்பிணைப்பு பளிச்சென்று கோடு காட்டணும், அயனிப் பிணைப்பு அமைதியாக இருக்கணும்.

1930-இல் சி. ராமசாமி வைரத்தில் பார்த்தது ஒற்றைக் கோடு, கூர்மையானது. அலைஎண் 1332. கல்லுப்பில் அப்படி ஒரு கோடே இல்லை. 1931-இல் ரோமில் ஃபெர்மியும் ரசெட்டியும் அதில் பிடித்தது மங்கலான, பரவலான ஒரு சிதறலை மட்டும்தான். சித்த மருத்துவத்தில் ‘வீரம்’ எனப்படும் பாதரசக் குளோரைடு இன்னும் சுவாரஸ்யம். உலோகமும் அலோகமும் சேர்ந்தால் அயனிப் பிணைப்பு என்று மனப்பாடம் செய்திருக்கிறோம் இல்லையா? வீரம் அந்த விதியை மீறி, சகப்பிணைப்புக்கே உரிய தெளிவான கோட்டைக் காட்டுகிறது.

அப்போ ‘கோடு இருந்தால் சகப்பிணைப்பு, இல்லாவிட்டால் அயனி’ என்று முடித்துவிடலாமா? முடியாது. உப்பின் மௌனத்துக்கு இன்னொரு காரணமும் உண்டு. அதன் படிகத்தில் ஒவ்வொரு அயனியும் சமச்சீர் மையத்தில் உட்கார்ந்திருக்கிறது. ஒரு பக்கம் நகர்ந்தால் உண்டாகும் மாற்றத்தை எதிர்ப்பக்க நகர்வு சரிக்கட்டிவிடும். அந்த அமைப்பு இல்லாத கால்சியம் ஃபுளோரைடு, அயனிச் சேர்மமாக இருந்தும் 322-க்கு அருகே ஒரு கோடு காட்டுகிறது. ஒரே சோதனையை வைத்துத் தீர்ப்பு சொல்லக் கூடாது என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குக் கிடைக்கவில்லை.

1932-இல் பாலிங் எலக்ட்ரான் கவர்திறனுக்கு ஓர் அளவுகோல் கொடுத்தார். சோடியத்துக்கும் குளோரினுக்கும் அதில் இடைவெளி சுமார் 2.2. பாதரசத்துக்கும் குளோரினுக்கும் சுமார் 1.2. கார்பனுக்கும் கார்பனுக்கும் பூஜ்யம். புத்தகத்தில் இரண்டு பெட்டியாகப் போட்டிருப்பது, உண்மையில் நீளமான ஒரே சரிவு. உப்பு ஒரு முனைக்குப் பக்கத்தில், வைரம் மறுமுனையில். மற்ற பெரும்பாலான சேர்மங்களுக்கு நடுவில்தான் இடம்.