முகத்தைக் காப்பாற்றிய வயர்

1948இல் மலாயாவில் அவசரகாலம் அறிவிக்கப்பட்டதும், 12 வயது நிரம்பிய ஒவ்வொருவரும் அடையாள அட்டைக்குப் பதிந்துகொள்ள வேண்டும் என்ற உத்தரவு வந்தது. அட்டையில் கைரேகையோடு புகைப்படமும் இருந்தாக வேண்டும். கேமராவின் முன் அதுவரை நின்றே அறியாத தோட்டத் தொழிலாளர் பலருக்கு அதுதான் முதல் படம். சாலைச் சோதனையில் அந்தச் சின்னப் படம் தெளிவாக இல்லையென்றால் அவதி அட்டைக்காரருக்குத்தான்.

அதன் பிறகு ஸ்டூடியோ ஆடம்பரமாக இல்லாமல் அவசியமாகிவிட்டது. அடையாள அட்டை, கடப்பிதழ், கல்யாணம் என்று எல்லாவற்றுக்கும் படம் வேண்டும். கிள்ளானுக்குத் தோட்டங்களிலிருந்தும், பிரிக்பீல்ட்ஸுக்கு ரயில்வே குடியிருப்புகளிலிருந்தும் குடும்பங்கள் புதுத்துணி உடுத்தி வந்தன.

ஆனால், வெளிச்சத்துக்கு என்ன செய்வது? 1887இல் ஜெர்மனியில் வந்த மக்னீசியப் பொடி புகையைக் கக்கும். நெருப்புப் பயமும் உண்டு. மின்விளக்கின் சூட்டில் குழந்தைகள் அசையாமல் உட்கார மாட்டார்கள். அசைந்தால் முகம் கலங்கிவிடும். 1929இல் பிளாஷ் பல்பு வந்தது. ஒரு பல்பு ஒரு படத்துக்குத்தான். 1931இல் அமெரிக்கப் பேராசிரியர் ஹெரால்டு எட்கர்ட்டன் மின்னணு பிளாஷை உருவாக்கினார். அது மறுபடியும் மறுபடியும் மின்னக்கூடியது. கண் இமைப்பதற்குள் வேலை முடிந்துவிடும்.

அங்கேதான் சிக்கல். வெளிச்சம் நொடியின் ஆயிரத்தில் ஒரு பங்கு நேரம்தான் இருக்கும் என்றால், ஷட்டர் திறந்திருக்கும் அதே கணத்தில் அது மின்ன வேண்டும். கையால் இதைச் செய்ய முடியாது. எனவே ஷட்டருக்குள்ளேயே ஒரு சுவிட்சு வைத்து, அதிலிருந்து விளக்குக்கு வயர் இழுத்தார்கள். அந்த வயர் செருகும் சிறு துளைக்கு 'பி.சி.' என்று பெயர். புரோன்டோர், காம்பூர் என்ற இரண்டு ஜெர்மானிய ஷட்டர்களின் முதலெழுத்துகள் அவை. 1950களில் இந்தத் துளை பொதுவானது. ஒரு நிறுவனத்தின் கேமராவை இன்னொரு நிறுவனத்தின் விளக்கோடு இணைக்க முடிந்தது. கைக்கு எட்டியதை ஒவ்வொன்றாக வாங்கிச் சேர்த்துச் சிறு கடைக்காரரும் தொழில் நடத்த அது வழிவிட்டது.

வயரைச் செருகிவிட்டால் மட்டும் போதாது. பழைய கேமராக்களில் 'எம்', 'எக்ஸ்' என்று இரண்டு நிலைகள் உண்டு. பல்பு எரிந்து உச்சத்துக்கு வரச் சற்று நேரம் பிடிக்கும் என்பதால், 'எம்' நிலையில் ஷட்டர் கொஞ்சம் தாமதித்துத் திறக்கும். மின்னணு பிளாஷுக்கு 'எக்ஸ்' வேண்டும். மாற்றி வைத்தால் விளக்கு மின்னி முடிந்த பிறகுதான் ஷட்டர் திறக்கும். பிளாஷ் வெளிச்சம் படச்சுருளில் பதியாது. 1959இல் வந்த நிக்கான் எஃப் கேமராவில் வேகம் நொடியின் 60இல் ஒரு பங்கைத் தாண்டினால், திரைச் சீலை மறைத்துப் படத்தின் ஒரு பக்கம் கறுத்துவிடும். 1957இன் ஹாசல்பிளாட் 500சி கேமராவில் ஷட்டர் லென்சுக்குள் இருப்பதால் 500இல் ஒரு பங்கு வேகத்திலும் அந்தக் கவலை இல்லை.

பிழை நேர்ந்தால் படச்சுருளைக் கழுவும்போதுதான் தெரியும். அதற்குள் குடும்பம் தோட்டத்துக்குத் திரும்பியிருக்கும். செலவழித்த ஒருநாள் கூலியை யார் கொடுப்பது? கிள்ளான் பள்ளத்தாக்கின் ஈரக்காற்றில் வயர் முனையில் பச்சைக் களிம்பு பிடிக்கும். அதைத் துடைத்து, படம் எடுக்கும் முன் ஒருமுறை மின்னவிட்டுப் பார்ப்பது தொழில் தெரிந்தவர் வழக்கம்.

2001இல் மைகாட் அறிமுகமானது. இப்போது பதிவுத்துறை முகப்பிலேயே படம் எடுத்துவிடுகிறார்கள். ஸ்டூடியோவின் அன்றாட வரும்படி குறைந்தது. இன்று படச்சுருள் கேமராவை விரும்பித் தேடும் இளைஞர்கள் அந்தப் பழைய விளக்குகளையும் வாங்குகிறார்கள். அவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். சில பழைய விளக்குகள் வயர் வழியே 200 வோல்ட்டுக்கும் மேல் அனுப்பும். உலோகச் சுவிட்சு கொண்ட பழைய கேமரா அதைத் தாங்கும். மின்னணுக் கேமரா கருகிவிடலாம். முதலில் மின்னழுத்தத்தை அளந்து பார்ப்பது நல்லது. வயரே இல்லாத ரேடியோ கருவியைப் பயன்படுத்துவது அதைவிடப் பாதுகாப்பு.

பல தமிழ் வீடுகளில் தாத்தா, பாட்டியின் முகமாக மிஞ்சியிருப்பது அடையாள அட்டைக்கு எடுத்த படம்தான். அதையே பெரிதாக்கி, சட்டமிட்டு, மாலை போட்டிருக்கிறார்கள். ஷட்டரும் விளக்கும் அன்று ஒரே கணத்தில் சேர்ந்ததால்தான் அந்தக் கண்கள் இன்றும் தெளிவாகத் தெரிகின்றன.