குடுமியும் கோட்பாடும்

1606-இல் மதுரை வந்த இத்தாலிய இயேசு சபைத் துறவி இராபர்ட்டு தெ நொபிலி, தத்துவ போதகர் எனப் பெயர் பூண்டு, காவியுடுத்துப் புலால் நீத்தார். ஆங்கு முன்னரே பரவர்க்குக் குருவாயிருந்த போர்த்துகீசிய முதியவர் கொன்சாலோ பெர்னாண்டசு இதனை ஏற்றாரல்லர். குடுமியும் பூணூலும் புறச்சமயச் சின்னங்கள்; தனிக்கோயில் எடுப்பது திருச்சபையின் ஒருமையைப் பிளப்பது என்று முறையிட்டார். அவை நாட்டு வழக்கே, கோட்பாடு வேறு என்பது நொபிலியின் வாதம். கோவாப் பேராயர் எதிர்த்தும், 1623 சனவரி 31-இல் போப்பரசர் பதினைந்தாம் கிரகோரியார், மூடநம்பிக்கை சாராதவாறு அவற்றை அணிய இசைவு தந்தார்.

எனினும் முதியவரின் அச்சம் வீணன்று. 1640 முதல் தாழ்ந்த குலத்தாரெனப்பட்டோர்க்குப் பண்டாரசாமிகள் என்ற தனிக்குருமாரே ஏற்பட்டனர். இசைவளித்த அதே திருமுகமோ, இறைமொழி கேட்குமிடத்தும் திருவருட்சாதனம் பெறுமிடத்தும் எளியோரை இகழற்க என உயர்குலத்தாரை இரந்து வேண்டியிருந்தது.